ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு யார் புத்தி சொல்லுவது?

காலேஜில் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படித்துக் கொண்டிருக்கும் ஒரு வாலிபனை நிறுத்தி, “தம்பி, நீ ஒன்பதாவது, பத்தாவது வாசித்த காலத்திற்கு ஒரு நாள் திரும்பிப் போகலாம் என்றால், அன்றைக்கிருந்த அந்தப் பையனிடம் என்ன சொல்லுவாய்?” என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். “கணக்கென்றால் பயந்து விட்டேன், அதை விட்டால் எந்தக் கதவு அடைபடும் என்று யாரும் சொல்லவில்லை” என்பான் ஒருவன். “தாலுகா ஆபீசில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தால் சம்பளம் கட்டியிருக்க வேண்டியதில்லை, காலேஜில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது” என்பான் மற்றொருவன். “கையில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தேன்” என்று சொல்லித் தலையைக் குனிந்து கொள்வான் இன்னொருவன்.

இந்தப் பதில்களில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவற்றில் எதுவும் ரகசியமல்ல. வக்கீல் வீட்டுப் பையனுக்கும், டாக்டர் வீட்டுப் பையனுக்கும் இவையெல்லாம் எட்டாவது படிக்கும்போதே சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டு விடுகின்றன. மாமா ஒருவர் இஞ்சினியர், சித்தப்பா ஒருவர் பாங்கியில், அத்தை மகள் அமெரிக்காவில். எந்தப் பாடம் எடுக்கலாம், எதை விடலாம், எந்தத் தேதிக்குள் மனுப் போடவேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் தினசரிப் பேச்சு. பீடி சுற்றுகிற தாயாருக்கும், வாழைத்தார் சுமக்கிற தகப்பனாருக்கும் பிறந்த பிள்ளைக்கு இவற்றை யார் சொல்லுவது? பணக்காரன் தன் பிள்ளைக்கு நிலத்தையும் பணத்தையும் விட்டுப் போகிறான் என்பது ஊருக்கெல்லாம் தெரிகிறது. படித்தவன் தன் பிள்ளைக்கு விட்டுப் போகும் இந்தச் சொத்துக்கோ பத்திரமும் இல்லை, வரியும் இல்லை, பார்ப்பவர் கண்ணுக்கு அது படுவதும் இல்லை. அதற்குத்தான் பிற்பாடு “தகுதி” என்றும், “திறமை” என்றும் பெயர் சூட்டி, இல்லாதவனைப் பார்த்து “உனக்கு மூளை போதாது” என்று சொல்லுகிறார்கள்.

வண்ணார்பேட்டையையே எடுத்துக் கொள்வோம். இந்த ஊருக்கு எப்படிப் பெயர் வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவேண்டியதில்லை. ஆறு பக்கத்தில், துணி வெளுப்பவர்கள் குடியிருந்த பேட்டை. இங்கே பிறந்த பையனுக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட புத்தி ஒன்றே ஒன்றுதான். “உன் தகப்பன் இறங்கிய துறையில் நீயும் இறங்கு” என்பதே அது. இந்தப் புத்தி எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இந்தத் திருநெல்வேலி ஜில்லாவே சாட்சி. தீண்டப்படாதாருக்குத் துணி வெளுத்து வந்த புதிரை வண்ணார் என்ற வகுப்பார், பகலில் பிறர் கண்ணில் படவே கூடாதென்று வைக்கப்பட்டு, இராத்திரியில் வேலை செய்துவிட்டு விடியுமுன் ஒளிந்து கொள்ள வேண்டியிருந்த கொடுமை 1932-ம் வருஷத்தில் பத்திரிகைகளில் வெளிவந்தது. கண்ணில் படவே கூடாதவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமேது?

அதற்கு 20 வருஷத்திற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை ஆரம்பப் பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. 1954-ல் அவர் பதவியை விட்டு விலகினார். பின் வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அது நிலைத்திருந்தால் இன்று வண்ணார்பேட்டையில் காலை வேளையில் புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆற்றுத் துறையில் நின்று கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க, இன்று கதவு திறந்திருக்கிறது. ஆனால் திறந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டுமல்லவா?

ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே வாசித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020-ல் ஒதுக்கப்பட்டது. 2021-ல் இஞ்சினியரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிக்கப்பட்டது. அப்படிச் சேருகிறவர்களின் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பையன் பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கினான் என்றவுடன், “இனி சர்க்கார் பள்ளிக்கூடம் எதற்கு? கவுரவமாகத் தனியார் பள்ளிக்கூடத்தில் போடுவோம்” என்று தாயார் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்துக் கொண்டு போய்ச் சேர்க்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்தில் 7.5 சதவீதமும் போயிற்று, சங்கிலியும் போயிற்று. பாளையங்கோட்டைப் பக்கத்தில் சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் அதிகம். அங்கே படிக்கிற பிள்ளையும் ஏழைதான், ஆனால் இந்த ஒதுக்கீடு அவனுக்கில்லை. இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்து கொண்டவன் வேறு வழி பார்ப்பான். தெரியாதவன் கவுன்சிலிங் அன்றைக்குத் தெரிந்து கொண்டு திகைப்பான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. 2020-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பட்டம் மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழிலேயே இருந்திருக்க வேண்டும் என்றாயிற்று. இங்கிலீஷ் மீடியம் என்ற போர்டைக் கண்டு மயங்கி, இங்கிலீஷும் வராமல் தமிழும் போன பிள்ளைகள் எத்தனை பேர்! இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதை ஒரு பாஷையாக நன்றாகக் கற்கவேண்டும் என்றுதான் காலேஜ் வாலிபன் தன் பழைய தன்னிடம் சொல்லுவான். முதல் வருஷ வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவனுக்கு மறந்திருக்காது.

பதினோராம் வகுப்பைப் பற்றியும் அவன் அவசியம் சொல்லுவான். பல பள்ளிக்கூடங்கள் அந்த வருஷத்துப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 2 வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்து வந்தன. அதைத் தடுக்கவென்றே 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைக்கப்பட்டது. 2025-26 முதல் அது எடுக்கப்பட்டு விட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது சரிதான். ஆனால் காலேஜ் கணக்கும் பௌதிகமும் பதினோராம் வகுப்பின் மேல்தான் கட்டப்படுகின்றன, 2017 முதல் டாக்டர் படிப்புக்கு வாசல் காவலாக நிற்கும் நீட் பரீட்சையிலும் அதன் பாடம் வருகிறது என்பதைப் பரீட்சை இல்லாத வருஷத்தில் பையனுக்கு யார் சொல்லுவார்கள்? பதினைந்து வயதில் எடுக்கிற குரூப் பின்னால் எதைத் திறக்கும், எதை அடைக்கும் என்று சொல்லவும் ஆள் வேண்டும். கணக்கை விட்டவன் இஞ்சினியரிங் கவுன்சிலிங்கில் 200-க்குக் கணக்கிடும்போது நிற்க முடியாது. அதில் 100 கணக்குக்கு, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது. வக்கீலாவதற்கோ எந்தக் குரூப்பும் தடையில்லை. இந்த இரண்டு வாக்கியம் தெரியாமல் வாழ்க்கை திசை மாறிப்போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

சிலர் இதற்கெல்லாம் ஜோசியரிடம் போகிறார்கள். பையனுக்கு “வைத்திய யோகம்” இருக்கிறதா என்று கட்டத்தைப் பார்த்து அவர் சொல்லுகிறாராம். அவருடைய சொந்தப் பிள்ளையை மட்டும் டியூஷனுக்கு அனுப்புகிறார்! பரீட்சைக்கு முந்தின நாள் ஹால் டிக்கட்டை விக்கிரகத்தின் காலடியில் வைப்பதும், இந்தப் பக்கம் பேனாவுக்கு ஜெபம் செய்து வாங்குவதும் நடக்கின்றன. அந்தப் பேனா விடையை எழுதிவிடுமானால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பேனாக் கடை திறக்கலாமே!

இனிக் கயிற்றைப் பற்றி. வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால் சேரன்மாதேவி. அங்கே வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்தில், காங்கிரஸ் கமிட்டியின் 5,000 ரூபாயும் சேர்ந்திருந்த அந்தப் பொது ஸ்தாபனத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று வைத்ததனால் 1925-ல் தமிழ்நாடே கொந்தளித்தது. அன்றைக்குப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தவர்கள் பெரியவர்கள். வண்ணார்பேட்டையிலிருந்து தெற்கே போனால் நாங்குநேரி. 2023 ஆகஸ்டு 9-ந் தேதி இராத்திரி, பன்னிரண்டாம் வகுப்பு வாசித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவன் செய்த குற்றம், தன்னை ஜாதியின் பேரால் துன்பப்படுத்துகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் முறையிட்டது. 98 வருஷத்தில் ஏற்பட்ட “முன்னேற்றம்” என்னவென்றால், பெரியவர்கள் பந்தியில் செய்ததைப் பிள்ளைகள் அரிவாளில் செய்தார்கள் என்பதுதான்.

அந்தப் பிள்ளை பிழைத்தான். எழுத முடியாத கையோடு, சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத, 2024-ல் பொதுப் பரீட்சையில் 600-க்கு 469 வாங்கினான். வெட்டியவர்கள் கூர்நோக்கு இல்லத்திற்குப் போனார்கள். இந்தச் சம்பவத்தின் மேல் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றியில் ஜாதியைக் காட்டும் குறி இவற்றைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டும், பள்ளிக்கூடப் பெயர்களிலிருந்து ஜாதியை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. கயிற்றைத் தடுத்து 2019-லேயே கல்வி இலாகாவிலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. எதிர்ப்புக் கிளம்பியவுடன் அது அடங்கிப் போயிற்று. மதத்தில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் போட்டார்கள். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்த கயிறு எந்த மதத்தின் எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நாம் கேட்கின்றோம்.

உத்தரவு வேண்டியதுதான். ஆனால் உத்தரவு மணிக்கட்டுக்கு மேல் போகாது. உபாத்தியாயர் சொன்னால், வெளியே கழற்றி உள்ளே வந்து, திரும்ப வெளியே கட்டிக் கொள்கிறான். அதே தெருவில், அதே ஜாதியில் பிறந்து, அதே கயிற்றைக் கட்டியிருந்து, இன்று காலேஜுக்குப் போகிற ஒருவன் வந்து, “லே தம்பி, நானும் கட்டியிருந்தேன். எனக்குக் கட்டிவிட்ட அண்ணாச்சிமார் கேஸ் என்று வந்தபோது ஒருத்தரும் ஸ்டேஷன் வாசலுக்கு வரவில்லை. அலைந்தது என் அம்மைதான்” என்று சொன்னால் அது உள்ளே போகும். இதை மேல் ஜாதியென்று தன்னை எண்ணிக் கொண்டிருக்கிற வீட்டு வாலிபன்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெட்டுப்பட்டவனுக்குப் புத்தி சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளின் சங்கதி வேறு. பாளையங்கோட்டையில் சாரா தக்கர் கல்லூரி 1895-லேயே ஏற்பட்டது. ஆனாலும் இன்றும் கிராமங்களில் பன்னிரண்டாவது முடிந்ததும் “நல்ல இடம் வந்திருக்கிறது” என்ற பேச்சு ஆரம்பித்து விடுகிறது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே படிக்கிற பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள்; பிள்ளைகளுக்கும் 2024-ல் ஆரம்பித்தார்கள். உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. ஒரு பெண் தன் தாயாரிடம், “பஸ் செலவுக்கும் புஸ்தகத்துக்கும் உங்களிடம் கேட்கமாட்டேன், மூன்று வருஷம் பொறுங்கள்” என்று சொல்ல இந்தப் பணம் ஒரு வாயைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது, தகப்பனார் கோபித்தால் யாரை அழைத்துப் பேசச் சொல்லுவது என்பதைப் பட்டம் வாங்கிய அக்காள் ஒருத்திதான் சொல்லிக் கொடுக்க முடியும். எந்த மேடைப் பிரசங்கியாலும் முடியாது.

சர்க்காரும் 2022 முதல் “நான் முதல்வன்” என்றும், “கல்லூரிக் கனவு” என்றும் கூட்டங்கள் நடத்தி வழி சொல்லி வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கியில் கேட்பது வேறு, திண்ணையில் உட்கார்ந்து பத்துத் தரம் திருப்பித் திருப்பிக் கேட்பது வேறு. 1878-ல் தூய யோவான் கல்லூரி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரி என்று வரிசையாக ஏற்பட்டு, பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்ற பெயரும் வந்துவிட்டது. அங்கே வாசிக்கிற ஆயிரக்கணக்கான வாலிபர்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள்தானே? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் எப்போதாவது திரும்பிப் போகிறார்களா? திருவிழாவுக்கும் கொடைக்கும் ஊருக்குப் போய் வசூல் நோட்டுத் தூக்குகிறவர்கள், அந்த ஒரு நாளில் பாதியை இதற்குக் கொடுக்கலாகாதா?

மே மாதத்தில் ரிசல்ட் வருகிறது. வந்த அன்று சாயங்காலமே மாமனோ மச்சானோ வந்து, “எதற்குப் படிப்பு? மெட்ராஸில் நம்மாள் கடையில் சேர்த்து விடுகிறேன்” என்று சொல்லிப் போய்விடுவார். அதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் காலேஜ் பையன் ஒருவன் நிற்கவேண்டும். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்று, இந்த மூன்றுக்கும் மறுநாள் காலையில் மனுப் போட அந்தப் பிள்ளையையும் தகப்பனாரையும் அவனே கூட்டிக் கொண்டு போகட்டும்.