ஓர் அறை இரண்டானால் விலை ஏறுமா?



வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் ஆன்ம காரியங்களை மட்டுமே நம்மிடம் கேட்பார்கள் என்று குருமடத்தில் பயின்ற நாள்களில் எண்ணியிருந்தோம். நடைமுறை வேறு. தீர்த்தம் தெளித்து முடிந்து, காப்பி வருமுன் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் குடும்பத்தின் மெய்யான கேள்வி வெளிவரும். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் நமக்கு வந்த கேள்வி இது: "சாமி, இந்தப் பெரிய ரூமுக்கு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினால் வீட்டுக்கு விலை கூடும் என்கிறார்கள். செய்யலாமா?"

கேட்டவர் பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் துணைவியார் தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மகள், எட்டாம் வகுப்பில் ஒரு மகன், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்க வேண்டும். பணம் போதாவிட்டால் வீட்டின் மேல் கடன் வாங்க வேண்டும், அதுவும் கூடாவிட்டால் விற்க வேண்டும். வீட்டில் படுக்கையறை இரண்டு. அதை மூன்றாக்கிவிட்டால் கேட்கும் விலையே வேறு என்று தரகர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொத்தனாரிடம் கூலி பேசியாயிற்று. செங்கல் வாசலில் இறங்கிவிட்டது.

தரகர் சொன்னது முழுப் பொய்யன்று. சென்னையிலும் மதுரையிலும் அடுக்குமாடி வீடு வாங்க வருவோர் முதலில் கேட்பது எத்தனை படுக்கையறை என்பதைத்தான். அங்கே நிலம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அறைக் கணக்கே வீட்டின் அடையாளம். ஆயிரத்து ஐந்நூறு சதுர அடியில் இரண்டே அறைகளைப் பரப்பிக் கட்டிய வீட்டில் மூன்றாவது அறையைக் கண்ணியமாகப் பிரிக்க முடியுமானால், வாங்குவோர் தொகை கூடும். விலையும் ஓரளவு ஏறலாம்.

நம் பக்கத்துத் தெருவீடுகளின் கதை வேறு. இங்கே வாங்க வருபவர் எத்தனை சென்ட், தெருவின் அகலம் என்ன, ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, பத்திரம் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துவருகிறதா என்றுதான் கேட்கிறார். பத்திரப் பதிவில் மனைக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு; கட்டடத்திற்குப் பொதுப்பணித்துறை விகிதப்படி பரப்பு, கூரையின் வகை, கட்டிய ஆண்டு முதலியவற்றைக் கொண்டு ஒரு தொகை, அதில் வயதுக்கேற்ற கழிவு. நடுவில் ஒரு சுவர் எழுந்தால் பரப்பு ஓர் அங்குலமும் வளர்வதில்லை. கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் இவ்வழியேதான் கணக்கிடுவார். ஆகவே நம் போர்மேன் எந்தக் கடனுக்காகச் சுவர் எழுப்ப எண்ணினாரோ, அந்தக் கடனை அச்சுவர் உயர்த்தப் போவதில்லை. இதைச் சொன்னபோது அவர் வாசலில் கிடந்த செங்கலைப் பார்த்தார்.

காப்பி ஆறட்டும் என்று வைத்துவிட்டு, நாம் அளவு நாடாவைக் கேட்டு வாங்கினோம். அறை பதினாறு அடி நீளம், பத்து அடி அகலம். ஆக 160 சதுர அடி. நாலரை அங்குலச் சுவர் இருபுறப் பூச்சோடு ஏறத்தாழ அரையடியை விழுங்கிவிடும். எஞ்சுவது பதினைந்தரை அடி. பாதியாக்கினால் ஒவ்வொன்றும் ஏழே முக்கால் அடிக்குப் பத்து அடி. அதாவது எழுபத்தேழரை சதுர அடி. தேசியக் கட்டட நெறித் தொகுப்பு, இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையலாகாது என்கிறது. பின்னது சுமார் 81 சதுர அடி. ஆக, நல்ல அறை ஒன்று போய், அந்தச் சிறிய அளவையும் எட்டாத இரண்டு அறைகள் கைக்கு வரும். இங்கிலாந்தில் பலர் வாடகைக்குக் கூடி வாழும் வீடுகளில், வயதுவந்த ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாதென்று 2018 முதல் சட்டமே உண்டு. அது ஒருவருக்கு. நம் வீடுகளில் அத்தகைய அறையில் மூவர் படுப்பார்கள்.

அளவைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அந்த அறைக்குச் சன்னல் தெருப்பக்கத்தில் மட்டுமே. பின்சுவரும் ஒரு பக்கச் சுவரும் அண்டை வீட்டாரோடு ஒட்டியவை. சுவர் எழுந்தால் உள்ளே அமையும் அறைக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மின்விசிறியோ கூரையின் நட்டநடுவே, சுவர் வரவேண்டிய கோட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! கொத்தனார் இதையும் கவனிக்கவில்லை போலும். சித்திரை வெயிலில் நம் கந்தக பூமியில் சன்னலில்லா அறையில் ஓரிரவு படுத்தவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டறை யாருக்கு என்று வினவினோம். "அம்மாவுக்கு" என்றார், சற்றுத் தாழ்ந்த குரலில். பாட்டி அப்போது கூடத்தில்தான் அமர்ந்திருந்தார்.

சுவரின் பாரமும் எண்ணத்தக்கது. பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட நாலரை அங்குலச் சுவர் பூச்சோடு மூன்று டன் அளவுக்குக் கனக்கும். மாடியில், கீழே உத்திரம் இல்லாத தளத்தின்மீது அதை ஏற்றுவது விபரீதம். பொறியாளரைக் கேளாமல் செய்யலாகாது. தரைத்தளத்தில் கவலையில்லை என்று எண்ணுகிறவர்கள் கரிசலை மறந்துவிடுகிறார்கள். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு கரிசற்காட்டுப் பங்கில், நமக்கு முன்னிருந்த காலத்தில், பங்கு இல்லத்தின் பெரிய அறையை அடித்தளம் போடாமல் சிமெண்டுத் தரையின் மீதே சுவர் வைத்துத் தடுத்திருந்தார்கள். ஐப்பசி மழைக்குப் பின் சுவரில் மூலைக்கு மூலை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பூசினோம், மறு ஆண்டும் ஓடியது. ஆறு ஆண்டுகள் அதன் வழியே அடுத்த அறையின் விளக்கொளி நம் படுக்கைமேல் விழுந்தது. வீடு பார்க்க வருபவர் அத்தகைய வெடிப்பைக் கண்டால், சுவர் பிந்தி வந்ததென்று பாராமல், வீட்டுக்கே அடித்தளம் சரியில்லை என்று விலையைக் குறைப்பார்.

நம் போர்மேனுக்கு எளிதில் விளங்கியது வேறொன்று. அவர் வேலை செய்யும் ஆலையில் எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் உரிமத்திலும் வரைபடத்திலும் குறித்திருக்கும். ஓர் அறையைத் தடுத்து இரண்டாக்கிக் கூடுதல் ஆள்களை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அறை அறையாக உள்குத்தகைக்கு விடும் வழக்கம் பெரிதும் பேசப்பட்டது. "ஆலையில் ரூமுக்கு வாசல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம் சாமி, வீட்டில் எண்ணிப் பார்க்கவில்லை" என்றார். அமெரிக்க நாட்டுக் கட்டட விதிகளில், உறங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் ஆபத்தில் தப்பிச் செல்லத்தக்க அளவில், பொதுவாக 5.7 சதுர அடிக்குக் குறையாத, வெளித்திறப்பு ஒன்று வேண்டும். அது இல்லாத அறையை அங்கே படுக்கையறைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

இவ்விடத்து இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். சன்னலில்லாத உள்ளறை ஒன்று நம் ஊர்ப்பக்கம் உருவானால், அதை வாடகைக்குக் கேட்டு ஆள் வருவதுண்டு. வழக்கமான வாடகையைவிட அதிகம் தருவதாகச் சொல்வார். "சாமான் வைக்கத்தான்" என்பார். வருவது கருந்திரியோ, மணிமருந்தோ, அரைகுறையாய் முடிந்த வெடியோ! வீட்டுக்குள் நடக்கும் இத்தொழிலால் கூரையோடு போன குடும்பங்களை நாம் அடக்கம் செய்திருக்கிறோம். அறையின் மதிப்பு அவ்வழியில் கூடுவதாயின், அந்த அறை இல்லாமலிருப்பதே மேல். பங்கு மக்களுள் எவரேனும் இதற்கு உடன்பட்டிருந்தால் இன்றே விலக்கிவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

அப்படியானால் அறையைப் பிரிக்கவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. இருபதடி நீள அறை, இரு முனையிலும் சன்னல், வராந்தாவிலிருந்து தனித்தனி வாசல் வைக்க இடம், அடியில் உறுதியான அடித்தளம். இவ்வளவும் இருந்தால் தாராளமாகப் பிரிக்கலாம். அதிலும் பருவமடைந்த பெண்பிள்ளை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இரவில் இருமும் பெரியவர் என ஒரே அறையில் நெருங்கிக் கிடக்கும் வீட்டில், உடை மாற்றவும் புத்தகம் விரிக்கவும் ஒரு மறைவு கிடைப்பது சிறு காரியமன்று. அந்தப் பயன் பத்திரத்தில் ஏறாது; வேண்டியதும் இல்லை. விற்பதற்காகவா, வாழ்வதற்காகவா என்பதை மட்டும் செங்கல் வாங்குமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாம் பார்த்தவரை, விற்பதற்காகச் சுவர் எழுப்புவோர் பலர் பின்பு விற்பதும் இல்லை. அந்தச் சுவரோடேயே காலந்தள்ளுகிறார்கள்.

அன்று மகளை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்டோம். அதுவரை அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. "கதவு வேண்டாம் சாமி, ஒரு மேசையும் ஒரு லைட்டும் போதும். ராத்திரி நான் படித்தால் தம்பி தூங்க முடியவில்லை என்கிறான்" என்றாள்.

சுவர் எழவில்லை. துணைவியார் சீதனமாகக் கொண்டுவந்த மர அலமாரியை நகர்த்தி, அதையொட்டி ஏழடி உயரத்திற்குப் பலகைத் தடுப்பு ஒன்று நிறுத்தினார்கள். மேலே திறந்த இடைவெளி இருப்பதால் விசிறிக் காற்று இருபுறமும் செல்கிறது. சன்னல் பக்கம் பாட்டிக்கு. உட்பக்கம் மேசையும் விளக்கும் மகளுக்கு. மகன் கூடத்தில் படுத்துக்கொள்கிறான். வேண்டாதபோது தடுப்பைக் கழற்றிவிடலாம். இறக்கிய செங்கலைப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், கழிப்பறையின் இடிந்த சுவரை எடுத்துக்கட்டி, பாட்டி பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் கம்பியும் பதித்தார்கள். படிப்புக்காக வங்கியில் கல்விக்கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

தரகர் இன்னமும் அவ்வழியே போகும்போது, ரூம் இப்போது எத்தனை ஆயிற்று என்று கேட்கிறாராம். "இரண்டரை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார் பாட்டி.