பறவை அறிந்தோர்க்கு அயலூர் இல்லை

நுழையும்முன்

பணியின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். இப்போது வாழும் இடத்தை உங்கள் ஊராக ஆக்கிக்கொள்வது எவ்வாறு? அதற்குப் பறவைகள் துணைசெய்யும் என்கிறார் இக்கட்டுரை ஆசிரியர். அவர் கருத்தைப் படியுங்கள். ஏற்பதா, மறுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.



ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தமிழ் வகுப்பில் நான் ஒரு வினாவைக் கேட்பதுண்டு. “உங்கள் ஊர் எது?” ஒருவர் திருவண்ணாமலை என்பார், ஒருவர் சிவகங்கைப் பக்கம் என்பார், மற்றொருவர் கிருஷ்ணகிரி என்பார். பிரேசர் டவுன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர்களுள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்று வரும் இடத்தை ஊர் என்கிறார்கள். ஆண்டு முழுவதும் உண்டு உறங்கும் இடத்தை ‘வீடு இருக்கும் இடம்’ என்கிறார்கள்.

அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பணிமாறுதலில் இங்கு வந்த நானும் முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தேன். பேருந்து எண்களை அறிந்திருந்தேன். என் வாசலில் நின்ற மரத்தின் பெயரை அறிந்திருக்கவில்லை.

ஓர் இடம் நம் ஊராவது எப்போது? முகவரிச் சான்று கிடைக்கும்போது அன்று. அங்கு வாழும் உயிர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணும்போதுதான் என்பது என் கருத்து. ஆகவே ஒன்றை முன்மொழிகிறேன். புரட்டாசி முதல் மாதம் ஒரு ஞாயிறு காலை, பிரேசர் டவுனில் வாழும் குடும்பங்கள், வீட்டிலுள்ள முதியவர்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள பூங்காவுக்குப் பறவை காணச் செல்ல வேண்டும்.

கூதிர்காலத்து விருந்தினர்

ஏன் புரட்டாசி முதல்? பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கார் முடிந்து கூதிர் தொடங்கும் இந்த வேளையில்தான் வடதிசையிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. இமயமலையிலும் அதற்கு அப்பால் நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர் மிகும்போது பூச்சிகள் அருகுகின்றன, நீர்நிலைகள் உறைகின்றன. உணவு கிடைக்கும் தென்னிலம் நோக்கிப் பறவைகள் புறப்படுகின்றன. இப்பயணத்தையே வலசை என்கிறோம்.

முதலில் வருவனவற்றுள் ஒன்று சாம்பல் வாலாட்டி. சிட்டுக்குருவியளவு உடல்; அதைவிட நீண்ட வால்; அந்த வாலை ஓயாமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே நடக்கும். அடுத்துத் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமரும். பழுப்புக் கீச்சான் வேலியோரம் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்துக் கிராம் எடைகூட இல்லாத இலைநிறக் கதிர்க்குருவி, மலைகளைக் கடந்து வந்து நம் தெருமரத்தின் உச்சியில் பூச்சி பிடிக்கும்.

இவை ஏதோ ஓரிடத்தில் தற்செயலாக இறங்குவன அல்ல. பறவை அறிஞர் சாலிம் அலி மும்பையில் தம் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த ஒரு வாலாட்டியின் காலில் வளையம் அணிவித்தார். அதே பறவை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. எண்ணிப் பாருங்கள்: அந்தப் பறவைக்கு மலையில் ஓர் ஊர், மும்பையில் ஓர் ஊர். இரண்டில் எது சொந்த ஊர் என்று அது கலங்கவில்லை. இரண்டையும் நன்கு அறிந்திருந்தது, அவ்வளவுதான்.

பெயருக்குள் இருக்கும் அறிவு

சென்ற ஆண்டு ஐப்பசியில் சில மாணவர்களுடன் கோல்ஸ் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். விடியும் நேரம், மெல்லிய தூறல். ஒரு மாணவனுடன் அவன் அப்பத்தாவும் வந்திருந்தார். சிவகங்கை மாவட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அடுக்ககத்தை விட்டு அதிகம் வெளியே வராதவர் அவர். புதருக்குள்ளிருந்து தெளிவான சீழ்க்கை ஒலி ஒன்று எழுந்தது. நாங்கள் அனைவரும் பறவைப் படநூலைப் புரட்டினோம். அப்பத்தா புரட்டவில்லை.

“ஆறுமணிக்குருவிப்பா இது. ஐப்பசி பொறந்தா எங்க புளியந்தோப்புக்கு வந்துரும். மணி என்னன்னு பாரு” என்றார்.

பேரன் கைப்பேசியைப் பார்த்தான். ஆறு மணி கடந்து நான்கு நிமிடம்.

அந்தப் பறவையின் படத்தை அவன் நூலில் பலமுறை கண்டிருக்கிறான். அதன் ஆங்கிலப் பெயர் ‘பிட்டா’ என்பதையும் அறிவான். அதன் குரலையோ அது குரல் கொடுக்கும் பொழுதையோ அவன் அறியான். அப்பத்தாவோ படநூலைத் தொட்டதில்லை. ஆயினும், காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் அது குரலெழுப்பும் என்ற செய்தி, அவர் கற்ற பெயருக்குள்ளேயே இருந்தது. உடன் வந்த கன்னட ஆசிரியர், “எங்கள் மொழியில் இதற்கு நவரங்க என்று பெயர்” என்றார். ஒன்பது நிறங்களைக் கொண்டது என்பது பொருள். காதால் கேட்டுத் தமிழர் ஒரு பெயரிட்டனர். கண்ணால் கண்டு கன்னடர் ஒரு பெயரிட்டனர். இரண்டையும் அறிந்தவருக்கு அப்பறவை முழுமையாகத் தெரியும். அன்று நாங்கள் அதனைக் காணவில்லை. சருகுகள் அசைந்ததை மட்டுமே கண்டோம். எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பத்தா பேசிக்கொண்டே வந்தார். பேரன் கேட்டுக்கொண்டே வந்தான்.

வயல் மடையருகே அசையாமல் நிற்பது மடையான். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது தையல்சிட்டு. நீரில் மூழ்கி மீன் பிடிப்பது நீர்க்காகம். இத்தகைய பெயர்கள் அகராதியில் கிடைக்கலாம். அவற்றைப் பயன்படுத்தி வாழ்ந்த நினைவு முதியவர்களிடம் மட்டுமே கிடைக்கும். நம் அடுக்ககங்களில் அவர்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார்கள். நாம் கேட்காவிட்டால், அந்த நினைவு அவர்களோடு போய்விடும். இதனால்தான், பறவை காணும் நடையில் முதியவர்களும் வர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இரண்டு சிற்றூர்கள்

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. அதனையொட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சிவிடக்கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் கொக்கரெ பெள்ளூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் வீடுகளுக்கு நடுவிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல அவ்வூரார் அவற்றைக் கருதுகின்றனர்.

ஒன்று தமிழ்ச் சிற்றூர். மற்றொன்று கன்னடச் சிற்றூர். இவ்விரண்டு ஊராரும் பறவைகளைப் பேணியது ஆணைக்கு அஞ்சி அன்று; நாள்தோறும் பார்த்துப் பழகிய உறவினால். பார்க்காத ஒன்றின்மீது எவருக்கும் பரிவு பிறப்பதில்லை.

மறுப்பும் விடையும்

“நகரத்தில் பறவை ஏது? அதற்குக் காட்டுக்கு அல்லவா போக வேண்டும்?” என்று சிலர் கேட்பர். மசூதிச் சாலையின் மேலே வட்டமிடும் பருந்துகளை அவர்கள் நிமிர்ந்து பார்த்ததில்லை போலும். பெங்களூரில் 1972ஆம் ஆண்டிலேயே ஜோசப் ஜார்ஜ் பறவை நோக்குவோருக்கு ஒரு கழகத்தைத் தொடங்கினார். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் லால்பாக் தோட்டத்தில் கூடிப் பறவை காண்பது இந்நகரத்தின் நெடுநாள் வழக்கம். நமக்கு அருகிலேயே அல்சூர் ஏரி உள்ளது. 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அதன் அருகில்தான் நிற்கிறது. சிலையைக் கண்டு திரும்பும் நாம், நீரின்மேல் தாழப் பறக்கும் செம்பருந்தையும் ஒரு நொடி கண்டு வரலாமே.

“ஞாயிறன்றும் தனிப்பயிற்சி வகுப்பு உள்ளதே, இதனால் மதிப்பெண் வருமா?” என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. அவர்கள் கவலை உண்மையானது. வேற்றூரில் பிள்ளைகளைப் படிக்கவைக்க அவர்கள் படும் பாட்டை நான் அறிவேன். ஆயினும், மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் மட்டுமே நான் கேட்கிறேன். உற்றுநோக்கல், எண்ணுதல், பதிவு செய்தல், ஐயம் எழுந்தால் மீண்டும் பார்த்தல் ஆகியவை அறிவியலின் அடிப்படை. அவற்றைக் கட்டணமின்றிக் கற்பிக்கும் இடம் பூங்கா.

மூன்றாவது மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். “கூட்டமாகச் சென்றால் பறவைகளுக்கே தொல்லையாகாதா?” ஆகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், படம் எடுக்கக் கூட்டை நெருங்குவதும் தவறு. ஆகவே சிறு குழுவாகச் செல்ல வேண்டும். தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பறவை விலகினால் நாமும் விலக வேண்டும். விருந்தினரை வாசலில் நிறுத்தித் துன்புறுத்துவது நம் மரபன்று.

எவ்வாறு தொடங்கலாம்?

ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்லுங்கள். பல இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட, ஓர் இடத்தைப் பலமுறை பார்ப்பதே பயன் தரும். சென்ற மாதம் இல்லாத பறவை இம்மாதம் வந்திருப்பது அப்போதுதான் புலப்படும். தொலைநோக்கி இருந்தால் நன்று, இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். அதன்கீழ் மூன்று கட்டங்கள் இடுங்கள்: தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், ஆங்கிலப் பெயர். முதற்கட்டத்தை நிரப்பத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்; இரண்டாம் கட்டத்துக்கு அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். கொக்கு அங்கே கொக்கரெ ஆவதையும், மயில் நவிலு ஆவதையும், கூகை கூபெ ஆவதையும் காண்பீர்கள். இரு மொழிகளின் உறவு உங்கள் குறிப்பேட்டிலேயே விளங்கும். இந்நடையைத் தமிழர் மட்டும் மேற்கொள்வது எனக்கு உடன்பாடன்று. அண்டை வீட்டார் வராவிட்டால் இரண்டாம் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

எண்ணிக்கையையும் எழுதுங்கள். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 30,000 பறவை நோக்குநர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளே அதற்கு அடிப்படை. அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பொதுமக்கள். நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள் பெரிதும் குறைந்து வருகின்றன என்பது அவ்வறிக்கை தந்த எச்சரிக்கைகளுள் ஒன்று. தெருமுனையில் நீங்கள் எழுதும் ஒரு வரி, நாட்டின் கணக்கில் சேரக்கூடியது. பொங்கலுக்குத் தமிழ்நாடு செல்வோர், அங்கே 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் பங்கேற்கலாம். வந்த ஊர், வாழும் ஊர் ஆகிய இரண்டிலும் ஒரே குறிப்பேடு போதும்.

தீபாவளியும் இப்பருவத்திலேயே வருகிறது. கொள்ளுகுடிப்பட்டி மக்களைப் போல முழுவதும் விட்டுவிட முடியாவிட்டாலும், பூங்காவையொட்டிய தெருக்களிலாவது பெருவெடிகளைத் தவிர்க்கலாம். நெடும்பயணம் முடித்துக் களைத்து வந்த உயிர்களுக்கு நாம் செய்யும் சிறு உதவி அது.

உங்கள் ஊர் எது?

பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்றும் பெயர் உண்டு. 1898இல் பரவிய பிளேக் கொள்ளைநோய்க்குப் பின், நெரிசல் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தோர் நலமாகக் குடியேறுவதற்கென அமைக்கப்பட்ட பகுதி இது. ஆகவே தொடக்கம் முதலே இது வந்து சேர்ந்தோரின் ஊர். இங்கு நாம் அயலார் என்று எண்ணத் தேவையில்லை. திருவண்ணாமலையையும் சிவகங்கையையும் மறக்கவும் தேவையில்லை.

நவம்பர் 12 சாலிம் அலியின் பிறந்தநாள். அந்நாளை ஒட்டிய ஞாயிறன்று, காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கோல்ஸ் பூங்கா வாயிலில் காத்திருப்பேன். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அடுத்த கல்வியாண்டில் அதே வினாவை மீண்டும் கேட்பேன். இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லும் மாணவர் ஒருவரேனும் வகுப்பில் இருப்பார் என்று நம்புகிறேன்.

சொல்லும் பொருளும்

வலசை – பருவம் மாறும்போது உயிர்கள் இடம்பெயர்தல்
கூதிர் – ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் கொண்ட குளிர்ந்த பருவம்
அருகுதல் – குறைதல்
கண்மாய் – ஏரி
மடை – வயலுக்கு நீர் பாயும் வாய்
பரிவு – இரக்கம் கலந்த அன்பு

சிந்தித்து எழுதுக

1. ஓர் இடம் நம் ஊராவது எப்போது என்று ஆசிரியர் கருதுகிறார்? உங்கள் கருத்து யாது?
2. ‘ஆறுமணிக்குருவி’, ‘நவரங்க’ ஆகிய இரு பெயர்களும் ஒரே பறவையைப் பற்றி உணர்த்தும் வெவ்வேறு செய்திகள் யாவை?
3. ஆசிரியர் ஏற்றுக்கொண்ட மறுப்பு எது? அவர் ஏன் அதனை ஏற்றார்?
4. உங்கள் வீட்டு முதியவரிடம் ஐந்து பறவைகளின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றின் கன்னடப் பெயர்களையும் சேர்த்துப் பட்டியல் இடுக.