சிம்லாவில் காணாமல் போன நாற்காலி

1945 ஜூன் 25 அன்று வைஸ்ராய் வேவல் கூட்டிய சிம்லா மாநாட்டில் பட்டியல் சாதியினருக்கென ஒரு நாற்காலி இருந்தது. அதில் அமர்ந்தவர் நம் சென்னையின் தந்தை சிவராஜ். அண்ணல் அம்பேத்கர் உருவாக்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர். 1946 மே மாதம் அதே சிம்லாவில் மறுபடியும் பேச்சுவார்த்தை. இம்முறை காங்கிரசுக்கு நான்கு பேர், முஸ்லிம் லீகுக்கு நான்கு பேர், எதிரே பிரிட்டிஷ் அமைச்சர்கள் மூவரும் வைஸ்ராயும். தலித்துகளின் நாற்காலியைக் காணோம்.

இடைப்பட்ட பதினோரு மாதங்களில் நடந்தது ஒரு தேர்தல். வெள்ளையர் வெளியேறுவதைப் பற்றிப் பேச அந்தத் தேர்தல் முடிந்த கையோடு உட்கார்ந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1932 பூனா ஒப்பந்தப்படி, ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு இரண்டு கட்டத் தேர்தல். முதல் கட்டத்தில் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் யார் உறுப்பினர் என்பதைச் சாதி இந்துக்களும் சேர்ந்த பொது வாக்காளர்கள் முடிவு செய்வார்கள். சொத்து, வரி, படிப்பு இருந்தால்தான் வாக்கு என்ற காலம் அது. சேரியில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்திருக்கும், ஊரில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட 151 இடங்களில் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை இரண்டு. முதல் கட்ட வாக்குகளைப் பாருங்கள், எங்கள் மக்கள் யார் பக்கம் என்று தெரியும் என அம்பேத்கர் பிரதமர் அட்லி வரைக்கும் வாதாடினார். அட்லி ஏற்கவில்லை. மே 16 அன்று வெளியான தூதுக்குழுத் திட்டம் இந்தியர்களைப் பொது, முஸ்லிம், சீக்கியர் என மூன்றாகப் பிரித்தது. தலித்துகள் 'பொது'வுக்குள் கரைக்கப்பட்டார்கள்.

இதே பிரிட்டன்தான் 1940 ஆகஸ்டில், நாட்டின் பெரும் பிரிவினர் ஏற்காத ஓர் அரசிடம் அதிகாரத்தைக் கொடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. அப்போது போருக்கு ஆள் வேண்டியிருந்தது. போர் முடிந்தது, கஜானா காலி, கடற்படை மாலுமிகள் கலகம் செய்தார்கள். இனி சீக்கிரம் கையெழுத்துப் போடக்கூடியவர்களோடு பேசினால் போதும் என்றாகிவிட்டது. வெளியேறுகிறவனின் அவசரம், யார் 'பிரதிநிதி' என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் வெள்ளைக்காரனே இருந்திருக்க வேண்டுமா? அலுத்துப்போன கேள்வி இது. 1930 வட்டமேசை மாநாட்டில், பிரிட்டிஷ் ஆட்சியால் தீண்டத்தகாதவர்களின் நிலை மாறவில்லை, மக்களாட்சி வேண்டும் என்று லண்டனிலேயே பேசியவர் அம்பேத்கர். போக வேண்டுமா என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. போகும் முன் யார் யாரோடு எதை எழுதி வைப்பது என்பதே அவர் கேட்டது. 1946 ஏப்ரல் 5 அன்று தூதுக்குழுவைச் சந்தித்தபோதும், எங்களுக்கான பாதுகாப்புகளை உறுதிசெய்யாமல் போகாதீர்கள் என்றே வலியுறுத்தினார். இதைத் துரோகம் என்று எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் நீளம். அது இங்கே வேண்டாம்.

பிறகு வேகம் இன்னும் கூடியது. 1948 ஜூனுக்குள் வெளியேறுவோம் என்றார் அட்லி. மவுண்ட்பேட்டன் அதை 1947 ஆகஸ்ட் 15 ஆக்கினார். எல்லைக் கோடு போட வந்த ராட்கிளிஃபுக்குக் கிடைத்தது ஐந்தே வாரம்.

அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டமன்றங்கள். பம்பாயில் கூட்டமைப்புக்கு ஓர் இடம்கூட இல்லாததால் அம்பேத்கர் வங்காளம் போனார். 1946 ஜூலையில் கூட்டமைப்பினர் புனேயில் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றுகொண்டிருக்க, ஜோகேந்திரநாத் மண்டலும் தோழர்களும் ஓடியாடி வாக்குச் சேர்த்து அவரைச் சபைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டபோது அந்த இடமும் போயிற்று. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து அவரைத் திரும்ப அனுப்பியது காங்கிரஸ். எப்போது கதவைத் திறப்பது என்பது இப்போது அவர்கள் கையில் இருந்தது.