சத்தம் கூட்ட இல்ல, பாட்டுக் கேக்க

மட்டக்களப்பில இருந்து கல்முனைப் பக்கம் போற ரோட்டுல பின்னேரம் அஞ்சு மணிக்கு நிண்டு பாருங்க. முதல்ல பாட்டு வரும், மறுகாதான் ஓட்டோ வரும். பாட்டு எண்டு சொல்றதும் ஒரு மரியாதைக்குத்தான். வாறது 'டும் டும்' எண்ட அடியும், தகரம் அதிர்ற சத்தமும். யார் பாடுறாங்க, என்ன வரி எண்டு ஓட்டோ கடந்து போன பிறகும் விளங்காது.

இதுக்குப் பெரியாக்கள் ஏசுறாங்க. அந்த ஏச்சில எனக்கு உடன்பாடு இல்ல. ஒரே அறையில நாலஞ்சு பேர் படுக்கிற வீட்டுப் பொடியனுக்குத் தனக்கெண்டு இருக்கிற ஒரே இடம் அவன்ட ஓட்டோதான். லீசிங் கட்டி, பெற்றோல் அடிச்சு, மிஞ்சின காசில ஒரு செட் பூட்டுறான். அதைக் காவாலித்தனம் எண்டு ஒரே சொல்லில முடிக்கிறது நியாயமில்ல. நல்லாப் பாட்டுக் கேக்கணுமெண்டா அம்ப்ளிஃபயர் தேவைதான். ஆனா அதை நாம வாங்குற காரணம்தான் பிழை. அம்ப் தாற உண்மையான லாபம் தெளிவு. நாம அதை விட்டுட்டு சத்தத்துக்குக் காசு குடுக்கிறம்.

ஏன் எண்டு பாப்பம். கடையில வாங்குற செட் பெட்டியில '50 வோட்ஸ், நாலு சனல்' எண்டு பெரிசாப் போட்டிருக்கும். அது ஒரு கணத்துக்கு எட்டுற உச்சக் கணக்கு. எஞ்சின் ஓடக்குள்ள வாகனத்தில இருக்கிறது கிட்டத்தட்ட 14 வோல்ட். அந்த 14 வோல்ட்ட வெச்சுக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒண்டுக்குச் சுத்தமாக் குடுக்கக்கூடியது, இழப்பே இல்லாட்டியும், 25 வோட்ஸ் அளவுதான். உண்மையில 15 தொடக்கம் 20 வரைக்கும்தான் வரும். தனி அம்ப்புக்குள்ள அந்த வோல்ட்டேஜை முதல்ல உயர்த்துறதுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. அதாலதான் அதுக்கு 50, 100 வோட்ஸ் உண்மையாவே குடுக்க ஏலும். பெட்டியில பாக்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' எண்ட இலக்கத்தை மட்டும்தான். 'மெக்ஸ்' எண்டு போட்டிருக்கிற இலக்கம் விளம்பரம்.

செட்டால ஏலாத அளவுக்கு வொலியூமக் கூட்டினா, ஒலி அலையிட தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். அதுதான் அந்தக் கரகரப்பு. அப்படி வெட்டுப்பட்ட அலையில கீச்சுச் சத்தப் பங்கு கூடிடும், அது போய்ச் சின்ன ஸ்பீக்கரை, அதாவது ட்வீட்டரை, எரிச்சுப் போடும். 'மச்சான், ஸ்பீக்கர் டூப்ளிகேட்' எண்டு கடைக்காரனோட சண்டைக்குப் போறதுக்கு முதல், வொலியூம் எங்க நிண்டது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. அதே பாட்டை அதே சத்தத்தில ஒரு அம்ப்போட கேட்டா, மேளமும் குரலும் வேற வேறயாக் கேக்கும். காசு குடுத்து வாங்க வேண்டியது அதைத்தான்.

சத்தத்துக்காகக் காசு குடுத்தா கணக்கு நமக்கு எதிராத்தான் நிக்கும். வோட்ஸ இரட்டிப்பாக்கினாக் கூடுறது 3 டெசிபல்தான். கொஞ்சம் கூடியிருக்கு எண்டு காது கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாக் கேக்கணுமெண்டா பத்து மடங்கு வோட்ஸ் வேணும். பக்கத்து ஸ்டாண்ட் பொடியன் 100 வோட்ஸ் போட்டா நீங்க 1000 போட்டாத்தான் அவன வெல்லலாம். உங்கட ஓட்டோ பற்றரி அதுக்குச் சம்மதிக்காது.

இன்னொரு விசயம். கார் ஒரு மூடின பெட்டி, பாஸ் அதுக்குள்ளேயே நிண்டு பெருகும். ஓட்டோ ரெண்டு பக்கமும் திறந்தது. நீங்க போடுற பாஸில பாதி வழியில நிக்கிற ஆக்களுக்குப் போகுது. அதோட நம்ம ஓட்டோக்கள்ல ஸ்பீக்கர் பெரும்பாலும் பின் சீட்டுக்குப் பின்னால. முன்னால இருக்கிற உங்கட காதுக்கு வரணுமெண்டா அது முதல்ல பின்னால இருக்கிற அம்மாட காதையும், அவட மடியில இருக்கிற பிள்ளைட காதையும் கடந்துதான் வரணும். ரெண்டு சின்ன நல்ல ஸ்பீக்கரை முன்னுக்குப் பூட்டிப் பாருங்க. பாதி வொலியூமே காணும்.

மிஞ்சுற காசை எங்க போடுறது? வயரில போடுங்க. நம்ம ஆக்கள் அம்ப்புக்குக் காசை இறைச்சுப் போட்டு வயருக்குக் கஞ்சத்தனம் பாக்கிறது வழக்கம். 200 வோட்ஸ் அம்ப் ஒண்டு முழு வேகத்தில ஓடினா 20, 25 அம்பியர் இழுக்கும். அதை மெல்லிசு வயரில இழுத்தா வயர் சூடாகும், உறை உருகும், மறுகா நெருப்பு. பற்றரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸ் கட்டாயம் இருக்கணும். அந்த ஃபியூஸ் அம்ப்பைக் காப்பாத்த இல்ல, வயரையும் வாகனத்தையும் காப்பாத்த. தகரத்தில துளை போட்டு வயரை எடுக்கிற இடத்தில ரப்பர் வளையம் போடுங்க. ஏர்த் வயரைப் பெயின்ட் சுரண்டின தகரத்தில, கட்டையா, இறுக்கிப் பூட்டுங்க. ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கம் வாவியுமா இருக்கிற நம்ம ஊரில உப்புக்காத்து அந்த இணைப்பைத்தான் முதல்ல தின்னும். செப்பு பூசின அலுமினிய வயர் மலிவுதான், ஆனா அதே தடிப்புக்குக் குறைஞ்ச கரண்ட்டத்தான் தாங்கும். கேட்டு வாங்குங்க.

ஜப்பான் கார் வெச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு. செட்டில ஜப்பான் எழுத்து இருக்கு, எஃப்.எம். 90க்கு மேல போகுதில்ல எண்டு அதைக் கழட்டி எறிய அவசரப்படாதீங்க. ஸ்பீக்கர் வயரையே நேர உள்ள வாங்குற அம்ப்புகள் இருக்கு. எஃப்.எம்.முக்குச் சின்ன பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒண்டு காணும். அம்ப்பில இருக்கிற 'கெய்ன்' திருகி வொலியூம் இல்ல. செட்டை முக்கால்வாசி வெச்சுக்கொண்டு, கரகரப்புத் தொடங்குற வரைக்கும் மெதுவாத் திருகி, அதில இருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து விடுங்க. பிறகு அதில கை வைக்காதீங்க.

'அண்ணே, எல்லாரும் திரும்பிப் பாக்கத்தானே போடுறம்' எண்டு ஒரு தம்பி கேப்பான். நியாயமான ஆசைதான், நம்ம வயசுல யாருக்கு இல்ல? ஆனா அதுக்கு விலை குடுக்கிறது உன்ட காது, தம்பி. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்திட கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தா 15 நிமிசம்தான். ஓட்டோ ஓடுறவன் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அதுக்குள்ள இருக்கிறான். போன காது திரும்பி வராது. ஏறுற ஆக்களிட்டயோ, ரோட்டோர வீட்டில படிக்கிற பிள்ளையிட்டயோ யாரும் சம்மதம் கேக்கிறதும் இல்ல. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரைக்கும் பொதுவா அனுமதி குடுக்கக் கூடாதெண்டு 2007லயே உயர் நீதிமன்றம் சொல்லிட்டு. கோயிலுக்கும் பள்ளிக்கும் இருக்கிற கட்டுப்பாடு நமக்கு மட்டும் இல்லாமப் போகுமா?

மீன் பாடுற ஊர் எண்டு பேர் எடுத்த ஆக்கள் நாம. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859ல வெளிவந்த 'சிலோன்' புத்தகத்தில, ராவில வள்ளத்தில போய் நம்ம வாவியில கேட்ட சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கார். வள்ளத்துப் பலகையில காதை வெச்சா அது இன்னும் கூடிக் கேட்டதாம். நல்ல அம்ப் செய்ய வேண்டியது அந்தப் பலகை செஞ்ச வேலையத்தான். இருக்கிறதைத் தெளிவாக் காதுக்குக் கொண்டு வரணும்.

அதால, அடுத்த முறை செட் செய்யப் போனா கடைக்காரனிட்ட 'எவ்வளவு சத்தம் வரும்' எண்டு கேக்காதீங்க. ஆர்.எம்.எஸ். எவ்வளவு, வயர் என்ன தடிப்பு, ஃபியூஸ் எங்க பூட்டுவீங்க எண்டு கேளுங்க. இந்த மூண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில உங்கட ஓட்டோவ விடாதீங்க.