வாய் திறந்து பாடுவோம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பீலியில் கைகால் கழுவிவிட்டு எங்கள் தோட்டத்து வாசகசாலையில் கூடுகிறோம். பதினைந்து இருபது பேர் வருவோம், பெரும்பாலும் பெண்கள். மார்கழி பஜனைக்காகச் சேர்ந்த கூட்டம், தை பிறந்த பிறகும் கலையவில்லை. பஜனைப் பாட்டோடு நின்றிருந்தால் கோயிலுக்குப் போகிறவர்கள் மட்டும்தான் வந்திருப்பார்கள். கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு என்று எல்லோருக்கும் பொதுவான பாட்டுகளை எடுத்ததும் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களும் வந்து உட்கார்ந்தன.

"பாட்டு சோறு போடுமா?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போடாது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் போடுவதைப் பாட்டு தடுக்காது. லயத்துக் கூரையின் ஒழுக்கை அடைக்காது. அதற்குச் சங்கம் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், தேவைப்பட்டால் போராட்டமும் வேண்டும். ஆனால், நாம் கொண்டாடும் மே தினத்துக்கு அடிப்படையான கோரிக்கை என்ன? எட்டு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு, எட்டு மணிநேரம் நமக்கு. அந்த மூன்றாவது பங்கையும் கேட்டுத்தான் தொழிலாளர் போராடினார்கள். வாரத்தில் ஒரு மணிநேரம் பாடி மகிழ்வது நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல.

எங்கள் கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற அம்மாயி ஒருவர் வருகிறார். முதல் இரண்டு வாரம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாடச் சொன்னபோது, "செத்த வீட்லதான் நான் வாயத் தொறந்து பாடியிருக்கேன், டீச்சர். வேற எங்க என்னைப் பாட விட்டாங்க?" என்றார். நாங்கள் பேச்சற்றுப் போனோம். மாசியில் காமன் கூத்து ஆடும்போது, புருஷனை இழந்த ரதியின் ஒப்பாரியைக்கூட ஆண் வேடமிட்டுப் பாடுவதுதான் வழக்கம். ஒப்பாரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இன்று அந்த அம்மாயி முதலடி எடுக்கிறார், நாங்கள் பின்பாட்டுப் பாடுகிறோம். நாற்று நடும் பாட்டு ஒன்று அவருக்குத் தெரியும். அவருடைய பாட்டியிடம் கேட்டதாம். நம் மலையில் வயல் இல்லை. கடல் கடந்து வந்தவர்கள் மனதில் சுமந்து வந்த வயல் அது.

சேர்ந்து பாடும்போது ஒன்றைக் கற்றுக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துபோகும். ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் களைக்கும்போது இவர் பிடிக்க வேண்டும். இதைப் பழகியவர்களுக்குச் சங்கம் என்றால் என்னவென்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மாதக் கூட்டத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த சகோதரிகள் சிலர் இப்போது எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்கள்.

இது புதிய வழியும் அல்ல. 1930களில் கோ. நடேசய்யர் நம்மவர்களைச் சங்கமாகத் திரட்டியபோது, அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் நம் துயரத்தையும் உரிமையையும் எழுதி, 1940இல் பிரசுரமாகவும் வெளியிட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களையும் பாட்டு எட்டியது. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, நம் மக்கள் வாயிலிருந்த பாடல்களைக் கேட்டுத் தொகுத்து வைத்தார்.

இன்று திருவிழாவென்றால் ஒலிபெருக்கி கட்டுகிறோம். அது பாடுகிறது, நாம் வாய் மூடி நிற்கிறோம். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் கேட்டால் அதையும் பாடுகிறோம். ஆனால் பாடத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பாட்டும் மண்ணுக்குள் போகிறது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளை ஒன்று கேட்கிறோம். மாதக் கூட்டத்துக்கு முன் அரை மணிநேரம் பாட்டுக்கு ஒதுக்குங்கள். முதலடியை ஒரு பெண் எடுக்கட்டும். தப்பு அடிக்கும் சகோதரரை வாசலில் நிறுத்தாமல் வட்டத்துக்குள் உட்கார வையுங்கள். அதைச் செய்யாத கூட்டம் நம் கூட்டமல்ல. பாடசாலைப் பிள்ளை ஒருவரிடம் அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொடுத்து, பாட்டி தாத்தா பாடுவதை எழுதச் சொல்லுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். எங்களில் பாதிப் பேருக்குச் சுருதி சேராது. ஆனாலும் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்.