குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை

இந்தப் பழமொழியைச் சொன்னவர் பானையைத்தான் நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம் எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்த்தால், அவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவரோ என்று சந்தேகம் வந்துவிடும்.

டெல்லி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சிலபஸில் ஒரு சிறுகதையைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும்? முதலில் அந்தத் துறையின் பாடக்குழுவில் ஆசிரியர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே ஒப்புதல் கிடைத்தால் புலத்துக்குப் போகும் (ஃபேகல்டி என்பார்களே, அது). அதற்குப் பிறகு கல்வி விவகாரங்களுக்கான நிலைக்குழு. அதையும் தாண்டினால் அகாடமிக் கவுன்சில். கடைசியாக எக்ஸிகியூட்டிவ் கவுன்சில். மொத்தம் ஐந்து படி. நம்மூர்ப் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. போர்டு ஆஃப் ஸ்டடீஸில் தொடங்கி சிண்டிகேட்டில் முடியும்.

இந்த ஏணியைக் கிண்டல் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பாடம் தெரிந்தவர்கள் கீழே பேசுகிறார்கள். பக்கத்துத் துறைக்காரர்கள் நடுவில் பார்க்கிறார்கள். வகுப்பு, ஆசிரியர், தேர்வு எல்லாம் சரியாக வருமா என்று மேலே பார்க்கிறார்கள். ஒரே ஒரு பேராசிரியரின் தனிப்பட்ட ஆசை ஆயிரக்கணக்கான மாணவர்களின் தலையில் விழாமல் இருக்க இப்படி ஒரு தடுப்பு வேண்டும்தான்.

கோளாறு எங்கே என்றால், இந்த ஏணி ஏறுவதற்கு மட்டும்தான் போடப்பட்டிருக்கிறது. இறக்கிவிட ஏணி எதற்கு? மேலிருந்து தள்ளிவிட்டால் போதுமே!

முதல் உதாரணம், ஏ.கே. ராமானுஜன். மைசூரில் பிறந்தவர். குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் உலகத்துக்குக் காட்டியவர். அவர் எழுதிய 'முந்நூறு ராமாயணங்கள்' என்ற ஆங்கிலக் கட்டுரை 2006-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வரலாறு ஆனர்ஸ் பாடத்தில் சேர்க்கப்பட்டது. ராமாயணம் ஒவ்வொரு ஊரிலும் மொழியிலும் எப்படியெல்லாம் மாறிச் சொல்லப்படுகிறது என்பதுதான் கட்டுரையின் விஷயம். வால்மீகிக்கும் கம்பனுக்கும் அகலிகை கதையில் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அதில் வரும். கம்பனைப் பள்ளியிலேயே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமே இல்லை.

2008 பிப்ரவரியில் ஏ.பி.வி.பி.யினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் வரை போய், நிபுணர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுங்கள் என்று பல்கலைக்கழகத்திடமே திரும்பி வந்தது. நான்கு பேர் கொண்ட நிபுணர் குழு அமைத்தார்கள். மூன்று பேர் கட்டுரை இருக்கட்டும் என்றார்கள். நான்காமவர்கூடக் கட்டுரையின் புலமையைக் குறை சொல்லவில்லை. இளநிலை மாணவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான் அவருடைய சந்தேகம்.

நான்கில் மூன்று. எந்தப் பரீட்சையிலும் இது பாஸ் மார்க்குக்கு மேல்!

ஆனால் 2011 அக்டோபர் 9-ஆம் தேதி அகாடமிக் கவுன்சில் கூடிக் கட்டுரையைத் தூக்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் இருக்கும் அந்த அவையில் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர். வேதியியலும் வணிகவியலும் சொல்லித்தருபவர்கள் எல்லாம் கை தூக்கி, வரலாற்று மாணவன் எதைப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வரலாற்றுத் துறை வேண்டும் என்றது, நிபுணர்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்றது. இரண்டையும் தாண்டி முடிவெடுக்க என்ன கல்விக் காரணம் இருந்தது என்பதற்கு இன்று வரை சரியான பதில் இல்லை.

அடுத்தது 2021. இது நமக்கு இன்னும் நெருக்கமானது.

அதே பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆங்கிலம் ஆனர்ஸ், ஐந்தாவது செமஸ்டர். பெண்கள் எழுத்து பற்றிய தாள். அதில் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதை இருந்தது. தமிழிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள், பாமாவும் சுகிர்தராணியும். 'கருக்கு', 'சங்கதி' எழுதிய பாமா. 'இரவு மிருகம்' எழுதிய சுகிர்தராணி. வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமத்தின் பேச்சும், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த கவிதையும் மொழிபெயர்ப்பில் டெல்லி வகுப்பறை வரை போய்ச் சேர்ந்திருந்தன. தமிழ்நாட்டில் யாரும் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. பாடம் நடத்துபவர்கள் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டில் மூன்றும் வெளியே போயின. 1999-லிருந்து அங்கே நடத்தப்பட்டு வந்த 'திரௌபதி'க்கும் அதே கதி. பாமா, சுகிர்தராணி இடத்தில் பண்டித ரமாபாய் வந்தார். இதைச் செய்யச் சொன்னது யார்? துறையின் பாடக்குழுவா? இல்லை. புலமா? இல்லை. 'மேற்பார்வைக் குழு' என்று ஒன்று. மேலே சொன்ன ஐந்து படிகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள், அப்படி ஒரு படியே அதில் கிடையாது. 2019-இல் சிலபஸ் திருத்தத்தை எதிர்த்துத் துணைவேந்தர் அலுவலகத்தின் முன்னால் நடந்த கலாட்டாவுக்குப் பிறகு முளைத்தது அது. அகாடமிக் கவுன்சிலில் பதினைந்து உறுப்பினர்கள் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் குழுவில் சம்பந்தப்பட்ட துறையின் வல்லுநர்கள் இல்லை, தலித் உறுப்பினரோ பழங்குடி உறுப்பினரோ ஒருவர்கூட இல்லை என்று அதில் சுட்டிக்காட்டியிருந்தார்கள். எல்லாம் உரிய முறைப்படிதான் நடந்தது என்று பல்கலைக்கழகம் பதில் சொன்னது.

ரமாபாய் மீது எந்தப் புகாரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதியதும் செய்ததும் படிக்க வேண்டியவை. ஆனால் இரண்டு தலித் பெண்களின் எழுத்தை எடுத்துவிட்டு, அந்தக் காலியிடத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவரை வைப்பதற்குக் கல்வி சார்ந்த காரணம் ஒன்று இருக்குமானால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமே? ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை யாரும் எழுதவில்லை.

இது டெல்லிக்காரர்களின் வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். 2010-இல் மும்பை பல்கலைக்கழகம் ரோஹின்டன் மிஸ்திரியின் 'சச் எ லாங் ஜர்னி' நாவலை எடுத்தது. 1991-இல் வந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன நாவல். சிவசேனாவைத் தரக்குறைவாகப் பேசுகிறது என்று பால் தாக்கரேயின் பேரன், அப்போது கல்லூரி மாணவராக இருந்த ஆதித்ய தாக்கரே, எதிர்ப்புக் கிளப்பினார். நாவலின் பிரதிகள் எரிக்கப்பட்டன. துணைவேந்தர் தன் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாடத்திலிருந்து நீக்கினார், அதுவும் கல்வியாண்டின் நடுவில். அவசர அதிகாரம் என்பது வெள்ளம், தீ, கலவரம் என்று வந்தால் பயன்படுத்தத்தானே? ஒரு நாவலால் என்ன அவசரம் வந்துவிட்டது?

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் பின்தங்கவில்லை. அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்' 2017-லிருந்து எம்.ஏ. ஆங்கிலத்தில் இருந்தது. 2020 நவம்பரில் ஏ.பி.வி.பி. புகார் கொடுத்தது. புத்தகம் போய்விட்டது. பதிலுக்கு மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. அவர் திருநெல்வேலியில் பிறந்தவர், அ. மாதவையாவின் மகன், அருமையான எழுத்தாளர். அவரை முன்பே ஒரு தாளில் வைத்திருந்தால் கொண்டாடியிருக்கலாம். அடுத்தவரைத் துரத்திய நாற்காலியில் அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்ததுதான் அசிங்கம்.

சரி, எடுப்பதுதான் சுலபம், சேர்ப்பது எப்போதுமே கஷ்டம் என்று முடித்துவிடலாமா? அதுவும் முழு உண்மை இல்லை. கீழேயிருந்து வந்தால்தான் ஏணி. மேலேயிருந்து வந்தால் எஸ்கலேட்டர்!

டெல்லி பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பட்டம் இதற்குச் சாட்சி. ஒரு சிறுகதைக்கு ஐந்து படி கேட்ட அதே பல்கலைக்கழகம், மொத்த இளநிலைப் படிப்பையும் மூன்று ஆண்டிலிருந்து நான்கு ஆண்டாக மாற்றும் திட்டத்தை 2012 டிசம்பர் கடைசி வாரத்தில் அகாடமிக் கவுன்சில், எக்ஸிகியூட்டிவ் கவுன்சில் இரண்டிலும் நிறைவேற்றிவிட்டது. அப்போது துணைவேந்தர் தினேஷ் சிங். 2013 ஜூலையில் வகுப்பு தொடங்க வேண்டும் என்பதால் சில மாதங்களுக்குள் எல்லாத் துறைகளும் சிலபஸ் எழுதித் தள்ளின. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் 11 அடிப்படைத் தாள்கள் கட்டாயம். இலக்கியம் படிக்க வந்தவருக்கும் கணிதம், கணிதம் படிக்க வந்தவருக்கும் கணிதம்!

ஒரே வருடம். 2014 மே மாதம் மத்தியில் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் யூஜிசி உத்தரவு போட்டது, திட்டம் ரத்தானது. நான்கு ஆண்டு என்று நம்பிச் சேர்ந்தவர்கள் முதலாண்டு முடிந்த கையோடு மூன்று ஆண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டார்கள். பி.டெக். என்று சேர்ந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பிறகு 2022-இல் புதிய கல்விக் கொள்கையின் பெயரில் அதே பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டுப் படிப்பு மறுபடியும் வந்தது. வந்ததும் மேலேயிருந்து, போனதும் மேலேயிருந்து, திரும்பி வந்ததும் மேலேயிருந்து. நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் ஒரு வருடத்தை எந்தக் கவுன்சிலின் மினிட்ஸ் புத்தகத்திலும் தேடினாலும் கிடைக்காது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சட்டப்படி கடைசி அதிகாரம் அகாடமிக் கவுன்சிலுக்குத்தானே? எந்தப் பாடமும் நிரந்தரம் கிடையாதே? துறைகள் என்ன ஒழுங்கா, முப்பது வருடப் பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு சிலபஸையே மாற்றாமல் காலம் தள்ளும் ஆசிரியர்கள் இல்லையா?

மூன்றும் உண்மை. துறைகள் புனிதமானவை அல்ல. வேண்டியவர் புத்தகத்தைப் பாடத்தில் வைப்பது, வேண்டாதவர் புத்தகத்தை ஒதுக்குவது எல்லாம் அங்கேயும் நடக்கிறது. மேலே இருக்கும் அவை கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேள்வி கேட்டுக் கீழே திருப்பி அனுப்பட்டும், துறை மறுபடி யோசித்துப் பதில் எழுதட்டும். அப்படித் திருப்பி அனுப்பினால் அது மேற்பார்வை. துறையைக் கேட்காமலே வெட்டினால் அதற்குப் பெயர் தணிக்கை. பத்துப் பேர் வாசலில் கத்தினால் பாடம் போகும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த சிலபஸ் எழுத உட்காரும் ஆசிரியர் என்ன செய்வார்? வம்பு எதற்கு என்று அவரே நல்ல கதைகளைத் தவிர்த்துவிடுவார். அந்த வெட்டு வெளியே தெரியாது, செய்தியாகவும் வராது.

இந்த ஏணியில் ஒரு படியில்கூட நிற்காதவர் ஒருவர் இருக்கிறார். மாணவர். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு யூஜிசி வகுத்த விதிகளைப் பார்த்தால், போர்டு ஆஃப் ஸ்டடீஸில் துறை ஆசிரியர்கள் உண்டு, வெளி வல்லுநர்கள் உண்டு, தொழில் துறையிலிருந்து ஒருவர் உண்டு, நன்றாகப் படித்த முன்னாள் மாணவர் ஒருவரும் உண்டு. படித்து முடித்தவருக்கு நாற்காலி இருக்கிறது, படித்துக்கொண்டிருப்பவருக்கு இல்லை. 'மாணவர் மனம் புண்படும்' என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பாடங்களை எடுக்கிறார்கள். புண்பட்டதா என்று அந்த மாணவரிடம் கேட்க மட்டும் ஒரு வழியும் வைக்கவில்லை!

கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மூன்றே மூன்று விதி. ஒன்று, சேர்ப்பதற்கு எத்தனை படியோ எடுப்பதற்கும் அத்தனை படி, கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு, எடுப்பதற்கான காரணத்தை எழுதி, துறையின் பதிலோடு சேர்த்து எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். மூன்று, வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைக்கக் கூடாது, எந்த மாற்றமும் அடுத்த ஆண்டு சேருபவர்களிலிருந்துதான்.

இதற்குப் பணம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். காரணம் கேட்டால் எழுதிக் கொடுக்கும் யோக்கியதை மட்டும் வேண்டும். பரீட்சையில் விடையை மட்டும் எழுதி 'ஸ்டெப்ஸ்' எழுதாமல் விட்டால் மாணவனுக்கு மார்க் போட மாட்டார்கள். அந்த மார்க்கைப் போடாத பல்கலைக்கழகங்கள் தங்கள் ஸ்டெப்ஸை எப்போது காட்டப் போகின்றன?