வாய்க்குப் பூட்டு, உள்ளத்திற்கு?



2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் நம் ஆலயங்களில் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அதன்பின் மூன்று வாரங்களில் நிகழ்ந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் ஒருவர் முகநூலில் எழுதிய சிறு வாசகமொன்று மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. அங்கு மூண்ட பதற்றத்தைத் தொடர்ந்து, மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை ஆகிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். குண்டுவெடிப்போடு எவ்விதத் தொடர்பும் அற்றவர்களே துன்புற்றனர்.

எழுதப்பட்டது ஒரு வரி. ஆயினும் வாசித்தவர்களின் உள்ளங்களில் அச்சமும் கசப்பும் முன்னரே நிறைந்திருந்தன. தீப்பொறி சிறிதாயினும் காடு காய்ந்து கிடந்தது. நாவைக் குறித்து யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிப்பதும் இதனையே.

அரசாங்கம் அன்று சமூக வலைத்தளங்களை முடக்கியது. 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் தேவைதானா, அது கருத்துச் சுதந்திரத்தை நசுக்குமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தச் சட்டமும் வாயிற்படியோடு நின்றுவிடும். உள்ளே நுழைய அதனால் இயலாது. ஆண்டவர் இயேசுவோ உள்ளேதான் நுழைகிறார். மரத்தைக் கனியால் அறிவதுபோல், ஒருவர் உள்ளத்தில் சேர்த்து வைத்ததையே அவருடைய வாய் வெளியே கொணர்கிறது என்று அவர் கற்பிக்கிறார் (லூக்கா 6:43-45). திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவத்தை அறிக்கையிடும் ஒழுங்கைக் கவனியுங்கள். எண்ணம் முதலில் வருகிறது. சொல்லும் செயலும் அதன் பின்னரே வருகின்றன.

அவ்வாறாயின், உள்ளத்தைத் தூய்மையாக்குவது என்பது மௌனமாய் இருப்பதா? இல்லை. அதே மே மாதத்தில் நீர்கொழும்பில் பதற்றம் எழுந்தபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நேரில் சென்று அமைதி காக்குமாறு வேண்டினார். பழிவாங்கலைத் தடுத்த அதே வாய், ஆண்டுதோறும் உண்மையையும் நீதியையும் கேட்டு வந்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023ஆம் ஆண்டு உலகத் தொடர்பாடல் நாளுக்கென, உள்ளத்தோடு பேசுதலையும் அன்பில் உண்மையையும் கருப்பொருளாக்கியதன் பொருளும் இதுவே. நீதி கேட்பவர் குற்றவாளியைத் தேடுகிறார். பகை கொண்டவருக்கோ ஓர் இனம் முழுவதுமே குற்றவாளி.

அன்பர்களே, அந்த வாரங்களில் நம் கைத்தொலைபேசிகளின் ஊடாகப் பரவிய செய்திகளை எண்ணிப் பாருங்கள். நாமாக எழுதவில்லை, வந்ததை அனுப்பினோம் என்று சொல்லித் தப்பிவிட முடியாது. பிறர் எழுதியதை நம் விரல் தெரிந்தெடுத்தது. விரலை அசைத்தது நம் உள்ளம். வீணான ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும் என ஆண்டவர் கூறியது (மத்தேயு 12:36) இதற்கும் பொருந்தும்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின் ஒரு கணம் அமர்ந்திருங்கள். பிள்ளைகள் கேட்க, அயலவரைக் குறித்து இன்று நம் இல்லத்தில் என்ன பேசப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். கசப்பான சொல் இருந்தால் அதை மட்டும் அழிக்க முயலாதீர்கள். அது பிறந்த காயத்தை ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டவரிடம் காட்டுங்கள். அவர் குணமாக்கும் உள்ளத்திலிருந்தே நம் பிள்ளைகள் நல்ல தமிழையும் நல்ல விசுவாசத்தையும் ஒருங்கே கற்றுக்கொள்வர்.